ஒழுங்கையிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாண மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வர் அவர்களுக்கும், எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும், ஆணையாளருக்கும், பொறியியல் பகுதியில் வேலை செய்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் சபையின் எல்லைக்குள் இருக்கும் நிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். குருநகர்க் கடற்கரையில் சைக்கிளில் ஏறி அவசரமில்லாமல் உழக்கினாலும் இருபது நிமிடத்துக்குள் நல்லூர்க் கோயிலடிக்கு வந்துவிடலாம். வழியில் ஒரு மேடு கிடையாது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் தெற்கேயும் மேற்கேயும் போகிறவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் அனுப்ப எத்தனை பெற்றோருக்குத் துணிவு இருக்கிறது? காலை ஏழரை மணிக்கு வேம்படிச் சந்தியில் போய் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இரண்டு புத்தகப் பைகள். பக்கத்தில் ஓட்டோக்கள், பள்ளிக்கூட வான்கள். இவற்றுக்கிடையே நெளிந்து போகும் சில சைக்கிள்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். பெருவீதி ஓரத்தில் ஒரு கோடு கீறி, சைக்கிள் பாதை என்று பெயர்ப்பலகை நட்டு, திறப்பு விழா நடத்த வேண்டாம். உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கைகளை, அதாவது வீட்டு மதில்களுக்கு நடுவே போகும் சிறு தெருக்களை, ஒன்றோடொன்று தொடுத்து நகரம் முழுவதற்கும் ஒரு சைக்கிள் வழி செய்யுங்கள். அதை அந்தந்த வட்டாரத்து ஆட்களோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

ஏன் ஒழுங்கை என்று கேட்பீர்கள். கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. இன்னும் சில மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பில். அவற்றில் ஒரு கல்லை நகர்த்துவதற்கும் நீங்கள் கடிதம் எழுதிப் பதில் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கைகளும் உள்வீதிகளும் அப்படியல்ல. அவற்றுக்குக் கொங்கிரீட் போடுவதும், வடிகால் மூடுவதும், விளக்குப் பூட்டுவதும், ஓரத்து மதிலுக்கு அனுமதி கொடுப்பதும் நீங்கள். கொழும்பைக் கேட்காமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று கூடச் சொல்வேன்.

சைக்கிளோடு நமக்கு இருக்கும் உறவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1990 முதல் 1995 வரை பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகு, நோயாளி, சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில்தான் போயின. கிளாலியில் வள்ளத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடனீரேரியைக் கடந்தோம். டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பிறகு 2022 இல் மறுபடியும் ஒருமுறை. அந்த ஜூன் 26 ஆம் திகதி ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. இரண்டு நாளில் தனியார் வாகனங்களுக்கு எண்ணெய் அடிப்பதையே நிறுத்தினார்கள். வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைகளில் வரிசையில் நின்றோம். டயருக்கும் ரியூப்புக்கும் கேட்ட விலையைக் கொடுத்தோம்.

இவற்றைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முறையும் வேறு வழியில்லாமல் ஏறினோம். வழி கிடைத்ததும் இறங்கிவிட்டோம். பங்கீட்டுக்குக் கொடுத்த கியூஆர் அட்டையில் எண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் லுமாலா திரும்பவும் கோடிக்குப் போனது. ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. இனி வருகிற ஒவ்வொரு காரும் இந்த 20 சதுர கிலோமீட்டருக்குள்ளேதான் ஓட வேண்டும், நிற்க வேண்டும். கஸ்தூரியார் வீதியை அகலமாக்க எந்தப் பக்கக் கடையை இடிக்கப் போகிறீர்கள்? ஆகவே இந்த முறை, கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு இருக்கும்போதே சைக்கிளை எடுக்கத் தோன்றும்படி செய்ய வேண்டும். அதற்குப் பழைய கதை பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. வழி பாதுகாப்பாகவும் குறுக்காகவும் இருக்க வேண்டும்.

நெதர்லாந்து என்றதும் நம்மவர்கள் "அது அவங்களுக்குச் சரி" என்று கை விரிப்பார்கள். விடுமுறைக்கு அங்கிருந்து வரும் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்: அங்கே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர்கள், இங்கே வந்தால் படலைக்கு வெளியே விடப்படுவதில்லை. அந்த நாடும் பிறவியில் அப்படி இருக்கவில்லை. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்களுக்காக வீதிகளை அகலமாக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1970களின் நடுவில் டென் ஹாக், தில்பர்க் என்ற இரண்டு நகரங்களில் பெரும் பணம் செலவழித்து ஆளுக்கொரு தரமான சைக்கிள் பாதை போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நல்லதாக இருந்தது. ஆனால் நகரத்தில் சைக்கிள் ஓட்டுவோர் தொகை பெரிதாகக் கூடவில்லை. வீட்டிலிருந்து அந்தப் பாதைக்கு வருவதற்கும், அது முடிந்த இடத்திலிருந்து வேலைக்குப் போவதற்கும் பழைய ஆபத்தான வீதிகள்தானே? அதற்குப் பிறகு, 1980களில், டெல்ப்ட் நகரம் ஒரு பெரிய பாதைக்குப் பதிலாக வலைப்பின்னலாகச் செய்தது. இருந்த சிறு தெருக்களைத் தொடுத்து, விடுபட்ட துண்டுகளைப் போட்டு, தேவையான இடத்தில் சிறு பாலம் கட்டினார்கள். சைக்கிள் ஓட்டம் கூடியது.

அவர்கள் போட வேண்டியிருந்த வலையில் பெரும் பகுதி நம்மிடம் ஏற்கெனவே கிடக்கிறது. காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் இடையில் கிடக்கும் ஒழுங்கைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். நகரத்திலிருந்து கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் போகிற ஒருவர் ஊர் தெரிந்தவராக இருந்தால் பெருவீதியைக் கொஞ்சத் தூரம்தான் தொட வேண்டியிருக்கும். ஊர் தெரியாத மாணவர், வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர், மூன்று முடக்குக்குப் பிறகு யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் போய் நிற்பார். வழிகாட்டிப் பலகை ஒன்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஆனால் எந்த முடக்கில் அதை நடுவது என்பது அந்த ஒழுங்கையில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

எங்கே வழி அறுந்து கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஓரிடத்தில் இரண்டு ஒழுங்கைகளுக்கு நடுவில் ஒரு வாய்க்கால். நாலடி அகலத்தில் ஒரு மதவு போட்டால் அரை மைல் சுற்று மிச்சம். இன்னோரிடத்தில் முன்பு எல்லாரும் நடந்துபோன ஒற்றையடிப் பாதையை ஒரு மதில் மறித்துவிட்டது. அது தனியார் காணியா, பொது வழியா என்று பழைய நில அளவைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னுமோரிடத்தில் ஒழுங்கை நேரே பெருவீதியில் போய் ஏறுகிறது, இரண்டு பக்கமும் ஏழடி மதில். வருகிற பஸ்ஸும் தெரியாது, பஸ்காரருக்குச் சைக்கிளும் தெரியாது. கிடுகு வேலிக் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இருக்கவில்லை, வேலிக்கூடாக எதிரில் வருவது தெரியும். மதில் கட்ட அனுமதி கேட்டு உங்கள் கந்தோருக்கு வரும்போதே மூலையைச் சரித்து வெட்டிக் கட்டச் சொல்லலாம். கட்டி முடிந்த மூலைகளுக்கு ஒரு குவிவுக் கண்ணாடி பூட்டலாம்.

மற்றது, குறுக்கு வழி பிடிக்கும் வாகனங்கள். காப்பெற் வீதிகள் நெரிபடத் தொடங்கியதிலிருந்து ஹயஸ் வான்களும் பட்டா லொறிகளும் ஒழுங்கைகளுக்குள் நுழைந்து விரைகின்றன. வடிகாலுக்கு மூடியும் இல்லாத இடத்தில் சைக்கிள்காரர் எங்கே ஒதுங்குவது? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977 இல் தன் நடுப்பகுதியை நான்கு பங்காகப் பிரித்தது. ஒரு பங்கிலிருந்து அடுத்த பங்குக்குக் காரில் நேரே போக முடியாது, வெளி வீதிக்கு வந்து சுற்ற வேண்டும். சைக்கிளில் நேரே போகலாம். வியாபாரிகள் கொதித்தார்கள், ஆனாலும் நகரசபை பின்வாங்கவில்லை. இதை நாம் ஒழுங்கை அளவில் செய்யலாம். ஒழுங்கையின் நடுவில் கழற்றக்கூடிய இரண்டு இரும்புக் கட்டை. அங்கே குடியிருப்பவர் இந்தப் பக்கத்தாலோ அந்தப் பக்கத்தாலோ தன் வீட்டுக்குக் கார் கொண்டுபோகலாம். அம்புலன்ஸ் வந்தால் கட்டையைக் கழற்றலாம். ஊடறுத்துப் போகிறவர் மட்டும் போக முடியாது. எல்லா ஒழுங்கைக்கும் இது சரிவராது என்று தெரியும். எதற்குச் சரிவரும் என்பதை அங்கே இருப்பவர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். மேலிடத்து உத்தரவாகப் போட்டால் ஒரே இரவில் கட்டை காணாமல் போய்விடும்.

அப்படிக் கூடுவதற்கு நமக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் இன்று பேப்பர் பார்க்க வரும் நாலு முதியவர்களோடு அவை சரி என்றாலும், கட்டடம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, தலைவர் செயலாளர் இருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்துச் சுவரிலும் அந்த வட்டாரத்தின் பெரிய படம் ஒன்றை ஒட்டுங்கள். ஒழுங்கைகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். ஒரு மாதம் தொங்கட்டும். எங்கே விழுந்தோம், எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே மதவு வேண்டும், எந்த வழியால் பிள்ளைகள் போகிறார்கள் என்று வருகிறவர்கள் பேனையால் குறிக்கட்டும். பிறகு உங்கள் பொறியியலாளர் வந்து உட்காரட்டும். திட்டம் தயாரித்து முடித்துவிட்டுக் "கருத்துக் கேட்கும் கூட்டம்" என்று கூப்பிடும் பழக்கம் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதிலும் ஒரு சொல். கூட்டம் என்றால் வழக்கமாக வருகிறவர்கள் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள்; நானும் அந்த வகைதான். ஆனால் இந்த நகரத்தில் இன்றைக்கும் சைக்கிளில் வாழ்கிறவர்கள் வேறு ஆட்கள். பாசையூரிலிருந்து விடியப்புறம் கரியரில் மீன்பெட்டி கட்டி வருகிறவர், மரக்கறிக் கட்டோடு சந்தைக்கு வருகிறவர், கடைகளில் நிற்கும் பெண்பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து இரவு திரும்புகிறவர்கள். இவர்களுக்கு மூன்று மணிக் கூட்டத்துக்கு வர நேரமில்லை. படத்தை மீன் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ரியூசன் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பொழுதுபட்ட பின் இருட்டு ஒழுங்கைகளில் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் அவர்கள். ஒரு பெண்பிள்ளை எந்த ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறாள், ஏன் தவிர்க்கிறாள் என்பது எந்தப் பொறியியலாளரின் கணக்கிலும் வராது. எந்தத் தெருவிளக்கை முதலில் திருத்துவது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை வேறில்லை.

எண்ணிக்கையும் வேண்டும். எந்தச் சந்தியில் எந்த மணிக்கு எத்தனை சைக்கிள் கடக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எண்ணுங்கள். பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை திருநெல்வேலியில் இருக்கிறது, பொறியியல் பீடம் கிளிநொச்சியில். மாணவர்களுக்குக் களப்பயிற்சி, உங்களுக்குக் கணக்கு.

திருநெல்வேலி என்றதும் எல்லைப் பிரச்சினை வருகிறது. பல்கலைக்கழகமும் திருநெல்வேலிச் சந்தையும் நல்லூர்ப் பிரதேச சபைக்குள். சைக்கிளில் போகிறவருக்கு மாநகர சபை எங்கே முடிகிறது, பிரதேச சபை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கொங்கிரீட் முடிந்து குழி தொடங்கும்போதுதான் ஊகிப்பார். பிரதேச சபைத் தவிசாளரோடு ஒரே மேசையில் இருந்து பேசுங்கள். வேறு கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை, சைக்கிள் வழிக்குக் கட்சி நிறம் பூசாமல் இருந்தால் சரி.

பெருவீதிகளை முழுதாக விட்டுவிடவும் முடியாது. ஒழுங்கை வழி எங்கெல்லாம் அவற்றைக் கடக்கிறதோ அந்த இடங்களின் பட்டியலோடு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் போங்கள். வீதி முழுவதையும் கேட்டால் கோப்புக்குள் போய்விடும். கடவைகளை மட்டும் கேட்டால் கிடைக்க இடமிருக்கிறது. ரயில் கடவைகளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். வேகத்தைப் பொலிஸாரோடு பேச வேண்டும். கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் கார்களுக்குச் சட்டம் விதிக்கும் எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 40. ஆட்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 க்கு மேல் வேண்டாம் என்று 2020 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் பிரகடனம் கேட்டது. பள்ளிக்கூட வாசல்களிலாவது நாம் அதைக் கேட்கலாம். ஒழுங்கைகளில் வேகத்தடை போடுவதானால் தயவுசெய்து ஓரத்தில் ஒரு அடி வெட்டி விடுங்கள். இப்போது இருக்கும் சில திட்டிகளில் ஏறி இறங்கினால் கரியரில் கட்டிய முட்டை வீட்டுக்கு வராது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சபையில் யாராவது கேட்டால், ஆவணியைக் காட்டுங்கள். ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடுகிறவர்கள் நீங்கள்தான். மாற்றுவழி அறிவிக்கிறீர்கள், குடியிருப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கிறீர்கள், சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களுக்கு இடம் ஒதுக்குகிறீர்கள். லட்சக்கணக்கான சனம் வந்து போகிறது. வியாபாரம் படுத்துவிட்டது என்று எந்தக் கச்சான் கடைக்காரரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. முருகனுக்காகச் செய்ய முடிந்ததில் நூறில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்யக் கேட்கிறேன்.

சைக்கிள் பாதுகாப்பு என்றதும் தரிப்பிடம் நினைவுக்கு வருகிறது. நகர மத்தியில் சைக்கிள் விடுவதற்கு இடம் இல்லாததைவிட, விட்ட இடத்தில் திரும்ப இருக்குமா என்ற பயம்தான் பெரிது. பஸ் நிலையம், ரயில் நிலையம், போதனா வைத்தியசாலை, பொது நூலகம், நவீன சந்தை ஆகிய ஐந்து இடத்திலும் கூரையோடு, சைக்கிளின் சட்டத்தைக் கட்டிப் பூட்டக்கூடிய இரும்புக் கம்பியோடு ஒவ்வொரு தரிப்பிடம் போதும், தொடங்குவதற்கு. முன்சில்லை மட்டும் கவ்வும் பழைய கம்பிகள் வேண்டாம். திரும்பி வரும்போது முன்சில்லு மட்டும்தான் இருக்கும்.

எதிர்ப்பு வரும். கடைக்காரர்கள் வாசலில் வாகனம் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பார்கள். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் பாதி கடைக்காரருடையதும் வேலையாட்களுடையதும் என்பதை அவர்களும் அறிவார்கள். சைக்கிள்காரர்கள் மூன்று பேராகப் பக்கம் பக்கமாகப் போகிறார்கள், இரவில் விளக்கில்லை, எதிர்ப்பக்கத்தால் வருகிறார்கள் என்பார்கள். அது உண்மை. பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்க வேண்டும், பின்விளக்கைக் கட்டாயப்படுத்த வேண்டும், அதற்கு நான் எதிரில்லை. வெயில் என்பார்கள். அதுவும் உண்மை, அதனால்தான் நிழலில்லாத நாலுவழிப் பாதையைவிட வேம்பும் பூவரசும் நிற்கும் ஒழுங்கை மேல் என்கிறேன். வீதி அகலிப்புக்கு வெட்டிய மரங்களின் கணக்கை இங்கே இழுக்கவில்லை.

மழைதான் உண்மையான சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் பாதி ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். வீதிக்கும் மூடாத வடிகாலுக்கும் வித்தியாசம் தெரியாது. உலக வங்கியின் நிதியில் நகரத்து வடிகால்கள் பல திருத்தப்பட்டன; வேலை மிச்சமிருக்கிறது. சைக்கிள் வழியாகத் தெரிவாகும் ஒழுங்கைகளில் வடிகால் மூடியை முதலில் போடுங்கள், கொங்கிரீட்டைப் பிறகு போடலாம். மூடிய வடிகாலே பல இடங்களில் சைக்கிளுக்கு வேண்டிய அந்த இரண்டடி அகலத்தைத் தந்துவிடும்.

அடுத்த பாதீட்டில் இதற்கென்று ஒரு தனி ஒதுக்கீடு வேண்டும், தொகை சிறிதாக இருந்தாலும். எல்லா வட்டாரத்துக்கும் பிரித்துக் கொடுத்து ஆளுக்கு ஒரு மூடை சீமெந்து என்று கரைத்துவிடாமல், ஒன்றையொன்று தொடும் மூன்று நான்கு வட்டாரங்களில் முதலில் முழுதாகச் செய்யுங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கமிருந்து தொடங்கச் சொல்வேன். அங்கே சைக்கிள் இன்னும் உழைப்புக்கான வாகனம்.

படங்கள் சனசமூக நிலையங்களுக்கு வரும் திகதியைப் பத்திரிகையில் போடுங்கள். கூட்டத்தைச் சனி, ஞாயிறு காலையில் வைக்க வேண்டாம், பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள். பூரணை விடுமுறையான போயா தினம் ஒன்றின் பின்னேரம் பார்க்கலாம்.

இங்ஙனம்,
வண்ணார்பண்ணையிலிருந்து ஒரு வரியிறுப்பாளர்